இசைத்தட்டுக்கு வரம்பு, கலைஞருக்கு வேலை!

ரேடியோவில் நாள் முழுவதும் இசைத்தட்டையே சுழலவிட்டால், வாத்தியம் வாசித்துப் பிழைப்பவர் கதி என்ன?

பிரிட்டனில் இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கம் விடாமல் எழுப்பிய கேள்வி இது. அதன் பலனாக, பி.பி.சி. இத்தனை மணி நேரத்துக்கு மேல் இசைத்தட்டு ஒலிபரப்பக் கூடாது என்று ஒப்பந்தம் ஏற்பட்டது. கிராமபோன் ஊசியை வைத்து அதற்கு ‘ஊசி நேரம்’ என்று பெயர். மீதி நேரத்துக்குக் கலைஞர்களை ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, ஊதியம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள்.

இந்த ஏற்பாட்டினால் பயன் பெற்றவர்களில் ஒரு ஜெர்மன் ராக் கோஷ்டியும் உண்டு. 1968-ல் கொலோன் நகரில் தோன்றிய ‘கேன்’ கோஷ்டிதான் அது. அதில் ஹோல்கர் சூகாய், இர்மின் ஷ்மிட் இருவரும் புதுமை இசை மேதை ஸ்டாக்ஹவுசனிடம் பயின்றவர்கள். பாடகர் டாமோ சுசுகி ஒரு ஜப்பானியர். 1970-ல் மியூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்தவரை அழைத்து, அன்றிரவே மேடையேற்றிவிட்டார்கள்!

ஊரில் இவர்களுக்கு ஒரு பழைய சினிமாக் கொட்டகையே ஸ்டூடியோ. சுவரெல்லாம் மெத்தைகள். மணிக்கணக்கில் வாசிப்பார்கள், பிறகு சூகாய் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி உருப்படியாக்குவார்.

பி.பி.சி.யில் அதற்கெல்லாம் அவகாசம் ஏது? ஒரே நாளில் வேலையை முடித்தாக வேண்டும். ஜான் பீல் நிகழ்ச்சிக்கு வரும் கோஷ்டிகள் வழக்கமாக நான்கு பாட்டுகள் வாசிப்பதுண்டு. 1973 பிப்ரவரியில் வந்த கேன் கோஷ்டியோ, ஒரே உருப்படியைச் சுமார் 18 நிமிடம் வாசித்துத் தீர்த்தது. லண்டன் சுரங்க ரயில் பாதையான ‘பேக்கர்லூ’வின் பெயரையும் அதன் தலைப்பில் சேர்த்துவிட்டார்கள்.

அதே ஆண்டில் சுசுகி விலகினார். மற்ற நால்வரும் 1975 வரை மேலும் மூன்று முறை வந்து வாசித்தார்கள். வெட்டும் ஒட்டும் இல்லாமல், ஒருவர் வாசிப்பைக் கேட்டு மற்றவர் தொடரும் அவர்களது வேலைத் திறனை இந்தப் பதிவுகளில் அப்படியே கேட்கலாம்.

பி.பி.சி. பழைய நாடாக்களை அழித்து, அதிலேயே வேறு பதிவு செய்ததும் உண்டு. நல்லவேளையாக இவை தப்பின. 1995-ல் ஆறு உருப்படிகள் கொண்ட ஆல்பமாக வெளிவந்தன.

ஊசி நேர வரம்பு 1988-ல் முடிவுக்கு வந்தது. ஆனால் கலைஞரை அழைத்து வாசிக்கச் சொல்லும் வழக்கத்தை ஜான் பீல் 2004-ல் காலமாகும் வரை விடவில்லை. சங்கம் கேட்டது வேலை. ரசிகர்களுக்குக் கிடைத்ததோ வேறெந்த இசைத்தட்டிலும் இல்லாத இசை!