ஒரு குடம் நீரின் கணக்கு
சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இல்லங்களின் நீர்ப் பயன்பாடு

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில் அமைந்த சித்தூர் மாவட்டம் இராயலசீமை வட்டாரத்தைச் சேர்ந்ததாகும். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து சில பகுதிகளைப் பிரித்து இது உருவாக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள், நெல்லூர் மாவட்டத்தின் சில பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிர்வாக எல்லைகள் மாறினாலும் இரு மாவட்ட மக்களின் தலையாய பிரச்சினை மாறவில்லை. அது குடிநீர்ப் பிரச்சினையே.

பழைய சித்தூர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக் காற்றுகளும் இங்கு மழை தருகின்றன. இராயலசீமையின் மற்றொரு பகுதியான அனந்தபுரத்தின் மழையைவிட இது பெரிதும் கூடுதலாகும். எனினும் கோடை வந்ததும் கிணறுகள் வற்றுகின்றன. லாரிகளில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஆகவே இங்குள்ள குறை மழைக்குறை மட்டுமன்று. பெய்த நீரை நிறுத்தி வைப்பதிலும், வந்த நீரை அதன் தரத்துக்கேற்ற பணிக்குப் பயன்படுத்துவதிலும் உள்ள குறையும் ஆகும். இவற்றில் முதலாவது அரசும் ஊரும் சேர்ந்து செய்ய வேண்டியது. இரண்டாவது ஒவ்வொரு இல்லத்திலும் தொடங்க வேண்டியது.

எவ்வளவு நீர் தேவை?

பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் 135 லிட்டர் வழங்கவேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவாகும். கிராமங்களுக்கு, 2019 ஆகஸ்டு 15ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் 55 லிட்டர் என வரையறுத்தது.

நகர அளவான 135 லிட்டரைப் பொறியாளர்கள் பின்வருமாறு பகுத்துக் காட்டுவர்: குளிக்க 55 லிட்டர், கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு கழுவ 10, சமைக்க 5, குடிக்க 5. இப்பட்டியல் ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. குடிநீரின் தூய்மை கட்டாயமாகத் தேவைப்படுவது குடிப்பதற்கும் சமைப்பதற்கும் செலவாகும் 10 லிட்டருக்கு மட்டுமே. அதாவது, மொத்தத்தில் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகும். எஞ்சிய 125 லிட்டரில் பெரும்பகுதிக்குச் சற்று உவர்ப்பான நீரோ, கடினத்தன்மை மிகுந்த நீரோ போதும். கழிப்பறைக்கு ஏற்கெனவே பயன்படுத்திய நீரே போதும். ஆனால் பெரும்பாலான இல்லங்களில் எல்லா நீரும் ஒரே தொட்டியில் கலந்து, ஒரே குழாயில் வருகிறது. தொலைவிலிருந்து பெரும் பொருட்செலவில் கொண்டுவந்து, சுத்திகரித்த நீர் கழிப்பறையில் கொட்டப்படுகிறது. அதே வீட்டில் குடிப்பதற்கு வெளியிலிருந்து நீர் விலைக்கு வாங்கப்படுகிறது.

நீர் எங்கிருந்து வருகிறது?

குழாயைத் திறந்தால் வரும் நீரின் பயணத்தை அறிந்தால்தான் அதன் மதிப்பு விளங்கும். திருப்பதி நகரில் 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி வசித்தவர்கள் ஏறத்தாழ 2.87 இலட்சம் பேர். திருமலைக்கு வரும் யாத்திரிகர்களோ நாள்தோறும் பல்லாயிரவர். சுவர்ணமுகியின் துணையாறான கல்யாணியின் குறுக்கே 1977ஆம் ஆண்டு கட்டப்பட்ட அணை இத்தேவைக்கென எழுந்ததாகும். திருமலையின் மேலேயே கோகர்ப்பம், ஆகாச கங்கை, பாபவிநாசம், குமாரதாரை, பசுபுதாரை ஆகிய நீர்த்தேக்கங்கள் உள்ளன. இவையனைத்தும் உள்ளூர் மழையை நம்பியவை. மழை தவறிய ஆண்டுகளில் இவை கைகொடுப்பதில்லை.

இக்குறையை ஈடுசெய்வது தெலுங்கு கங்கைத் திட்டமாகும். சென்னை நகருக்குக் கிருஷ்ணா நீர் வழங்குவதற்காக 1983ஆம் ஆண்டு உடன்பாடு செய்யப்பட்ட இத்திட்டத்தில், ஸ்ரீசைலத்தில் எடுக்கப்படும் நீர் வெலுகோடு, சோமசிலை, கண்டலேறு நீர்த்தேக்கங்களைக் கடந்து பூண்டியை அடைகிறது. இந்நீரில் ஒரு பகுதி திருப்பதிக்கும் கிடைக்கிறது. இதைப் போலவே, ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்திலிருந்து கிருஷ்ணா நீரைப் பல கட்டங்களில் மின்விசையால் மேலேற்றி இராயலசீமைக்குக் கொண்டுவருவது ஹந்திரி-நீவா திட்டம். கர்னூலின் ஹந்திரி ஆறும் சித்தூர் நகரின் ஓரமாக ஓடும் நீவா ஆறும் இத்திட்டத்துக்குப் பெயர் தந்தன.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் ஒவ்வொரு லிட்டரிலும் கால்வாய்க்கான முதலீடும், நீரேற்றும் மின்சாரமும், ஆவியாகி இழந்த நீரும் அடங்கியுள்ளன. குடும்பம் செலுத்தும் தண்ணீர் வரியில் இச்செலவு தெரிவதில்லை. தெரியாத செலவைச் சிக்கனப்படுத்த எவருக்கும் தோன்றுவதில்லை.

ஆழ்துளைக் கிணறும் அதன் எல்லையும்

இம்மாவட்டங்களின் பெரும்பகுதியில் நிலத்தடியில் இருப்பது கருங்கல்லும் அதைச் சார்ந்த கடும்பாறை வகைகளுமாகும். மணற்பாங்கான நிலம்போல் இப்பாறை நீரை உறிஞ்சி வைப்பதில்லை. மேலே சிதைந்த அடுக்கிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். எனவே அடுத்தடுத்த இரு மனைகளில் ஒன்றில் நீர் கிடைப்பதும் மற்றொன்றில் வெறும் கற்பொடி வருவதும் வியப்புக்குரியதல்ல. ஆழத்தைக் கூட்டினால் நீர் பெருகும் என்ற நம்பிக்கை பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியுள்ளது. ஆழம் கூடக்கூட வெடிப்புகள் அரிதாகின்றன. கிடைக்கும் நீரில் கரைந்த உப்பும் பெரும்பாலும் மிகுதியாகிறது.

குடிநீர்க் கிணறும் பாசனக் கிணறும் ஒரே பாறை வெடிப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதும் கருதத்தக்கது. 2004ஆம் ஆண்டு ஆந்திரத்தில் வேளாண் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் நடைமுறைக்கு வந்தபின், நீரை இறைப்பதற்கான செலவு விவசாயிக்கு ஒரு தடையாக இல்லை. இந்நிலையில் 2002ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச நீர், நிலம், மரங்கள் சட்டம் முக்கியத்துவம் பெறுகிறது. புதிய கிணறு தோண்ட அனுமதி வேண்டும் என்றும், பொதுக் குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீட்டருக்குள் அனுமதியின்றி வேறு கிணறு தோண்டலாகாது என்றும் அது விதிக்கிறது. சட்டத்தின் பயன், ஊராட்சியும் வருவாய்த் துறையும் காட்டும் விழிப்பைப் பொறுத்ததாகும்.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

கண்ணுக்குத் தெளிவாகவும் நாவுக்கு இனிப்பாகவும் உள்ள நீர் தூயது என்று மக்கள் கருதுகின்றனர். இது முழு உண்மையன்று. நோய்க் கிருமிகளும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரக் குறியீடான ஐ.எஸ். 10500 பல வரம்புகளை வகுத்துள்ளது. லிட்டர் ஒன்றில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது; வேறு நீர் கிடைக்காவிடில் 2,000 வரை ஏற்கலாம். கடினத்தன்மைக்கு இவ்விரு வரம்புகளும் முறையே 200, 600 மில்லிகிராம். ஃபுளோரைடுக்கு 1 மில்லிகிராமும் 1.5 மில்லிகிராமும் ஆகும். நைட்ரேட் 45 மில்லிகிராமை எக்காரணம் கொண்டும் தாண்டலாகாது. 100 மில்லிலிட்டர் நீரில் மலக்கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது.

உப்பும் கடினத்தன்மையும் பெரும்பாலும் சுவையையும் பாத்திரத்தையும் கெடுப்பவை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, கொதிகலத்தில் வெள்ளைப் படிவு சேரும். ஃபுளோரைடோ பற்களைக் கறையாக்கி, நாளடைவில் எலும்பையும் வளைக்கும். இந்தியாவில் ஃபுளோரைடு நோய் முதன்முதலாக 1937ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிடப்பட்டது, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதிக் கிராமங்களிலிருந்தேயாகும். நைட்ரேட் பெரும்பாலும் சாணக்குழி, கழிவுக்குழி, உரம் ஆகியவற்றிலிருந்து கசிந்து வருவது. கைக்குழந்தைகளுக்குக் கேடு விளைவிப்பது. கறவை மாடுகள் மிகுந்த சித்தூர்க் கிராமங்களில், தொழுவமும் கழிவுக்குழியும் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது எளிய, செலவற்ற பாதுகாப்பாகும்.

எந்தக் குறைக்கு எந்த முறை?

எல்லாக் குறைகளையும் போக்கும் ஒரே முறை இல்லை. நீரைக் காய்ச்சினால் கிருமிகள் அழியும். கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதுமானது. ஆனால் காய்ச்சுவதால் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ நீங்குவதில்லை. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். படிகாரம் கலங்கலைப் படியவைக்கும். தெளிந்ததாலேயே அந்நீர் கிருமியற்றது ஆகிவிடாது.

குளோரின் கிருமிகளை அழிப்பதோடு, பின்னர் சேரும் கிருமிகளையும் ஓரளவு தடுக்கும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். லேசான குளோரின் வாடை நீர் பாதுகாப்பானது என்பதற்கு அறிகுறியே தவிர, குறையன்று. கிணற்று நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுவான அளவு. அதைக் கலந்தபின் ஒரு மணி நேரம் கழித்தே நீரை எடுக்க வேண்டும். ஃபுளோரைடுக்குப் படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் மூன்றையும் கொண்டு செய்யும் நல்கொண்டா முறை ஊர் அளவிலும் வீட்டளவிலும் இயலக்கூடியது.

சவ்வு வழியாக நீரை அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ. கருவி உப்பையும் ஃபுளோரைடையும் நீக்கும். ஆனால் வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் ஒரு லிட்டர் தூய நீருக்கு இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. உப்பு குறைந்த நகராட்சி நீருக்கு இக்கருவி வைப்பது வீண் செலவு. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீருக்கு அது தேவையாயின், வெளியேறும் நீரை வீடு கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். எனவே முதலில் செய்யத்தக்கது நீரைச் சோதிப்பதே. ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி அளிக்க வழிவகை செய்யப்பட்டது. அவர்கள் கண்ட முடிவு ஊராட்சிப் பலகையில் எழுதப்பட்டால், தேவையற்ற கருவிக்குச் செலவிடும் குடும்பமும், தேவையான சுத்திகரிப்பைச் செய்யாத குடும்பமும் ஒருசேரப் பயனடையும்.

விலை கொடுப்பவர் யார்?

2014 அக்டோபர் 2ஆம் நாள் ஆந்திர அரசு தொடங்கிய என்.டி.ஆர். சுஜல ஸ்ரவந்தித் திட்டம், 20 லிட்டர் சுத்திகரித்த நீரை 2 ரூபாய்க்கு வழங்க முற்பட்டது. இது மலிவான விலையே. எனினும் 1,000 லிட்டருக்கு 100 ரூபாய் என்று கணக்கிட்டால், குடிநீரின் உண்மை மதிப்பு புலப்படும். தனியார் கேன்களின் விலை இதைப்போல் பன்மடங்கு. மேல்தொட்டியும் சொந்தக் கிணறும் உள்ள வீடு, நீர் வராத நாளையும் கவலையின்றிக் கழிக்கிறது. இரண்டு குடங்களே சேமிப்பாகவுள்ள கூலித் தொழிலாளியின் குடும்பமோ, லாரி வரும் நேரத்துக்கு ஒரு நாள் கூலியை இழக்கிறது. அல்லது குடத்துக்கு விலை கொடுக்கிறது. இவ்விழப்பு பெரும்பாலும் பெண்கள்மீதே விழுகிறது. வசதியுள்ள வீட்டில் வீணாகும் நீர், குழாயின் கடைமுனையில் உள்ள தெருவுக்குக் கிடைக்காத நீராகும்.

வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டரை வீணாக்குகிறது. அதாவது, ஒரு கேன் அளவு. சில ரூபாய் விலையுள்ள வாஷர் அதை நிறுத்திவிடும். குளித்த நீரும் துணி துவைத்த நீரும் சேர்ந்து ஆளுக்கு 75 லிட்டர். இதில் ஒரு பகுதியைக் கழிப்பறைக்கும், வாழை, தென்னை போன்றவற்றுக்கும் திருப்பினால், நல்ல நீரின் தேவை கணிசமாகக் குறையும்.

கூரையும் ஏரியும்

50 சதுர மீட்டர் பரப்புள்ள கூரைமீது ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 45,000 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கைச் சேர்த்தாலும் 36,000 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் வீதம் ஆண்டுக்கு வேண்டுவது 18,250 லிட்டரே. கோடையின் 120 நாட்களுக்கு 6,000 லிட்டர் கொள்ளும் தொட்டி போதும். எஞ்சியதைக் கிணற்றுக்கோ கசிவுக்குழிக்கோ விடலாம். பருவத்தின் முதல் மழையை வெளியேற்றிவிட வேண்டும். தேங்கிய நன்னீரில் டெங்குக் கொசு வளருமாதலால், தொட்டியை நன்கு மூடிவைத்தல் இன்றியமையாதது.

வீட்டின் கூரைக்கு அடுத்தபடி ஊரின் ஏரி. தெலுங்கில் ‘செருவு’ எனப்படும் ஏரிகள் இவ்விரு மாவட்டங்களிலும் ஆயிரக்கணக்கில் உள்ளன. பாசனத்துக்கென வெட்டப்பட்ட இவையே ஊர்க் கிணறுகளின் ஊற்றுக்கண்ணுமாகும். 2000ஆம் ஆண்டு தொடங்கிய நீரு-மீரு இயக்கம் இவ்வுண்மையை மக்களிடம் எடுத்துச் சென்றது. 2018ஆம் ஆண்டில் மழை பொய்த்துச் சித்தூரின் பல மண்டலங்கள் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. மூன்றே ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில் பெருமழை கொட்டியது. திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. விஜயநகரக் காலத்ததான இராயலசெருவின் கரையில் கசிவு ஏற்பட்டு, கீழுள்ள கிராமத்தினர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். ஒரே வட்டாரம் மாறிமாறி வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் இலக்காவது, வரத்துக் கால்வாய்களும் கரைகளும் மதகுகளும் ஆண்டுதோறும் பேணப்பட வேண்டியதை உணர்த்துகிறது.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. நீவாவின் நீர் பொன்னையாறு வழியே பாலாற்றை அடைகிறது. ஆரணியாறும் குசஸ்தலையும் எல்லை கடந்து வடதமிழகத்தில் பாய்கின்றன. மேற்பகுதியில் தூய்மை கெட்ட ஆறு கீழ்ப்பகுதியிலும் கெட்டதே.

தொலைதூரக் கால்வாய்கள் தேவைதாம். ஆனால் அவற்றின் பயன் முழுமையாக வேண்டுமானால், சில எளிய பணிகள் உடன் நடைபெற வேண்டும். ஜூன் மாதத்துக்கும் அக்டோபர் மாதத்துக்கும் முன்பே ஏரி வரத்துக் கால்வாய்களைத் தூர்வாருதல். ஒவ்வொரு குடிநீர் ஆதாரத்தின் சோதனை முடிவையும் ஊரறிய வெளியிடுதல். பொதுக் குடிநீர்க் கிணற்றின் 250 மீட்டர் எல்லையைக் காத்தல். புதிய கட்டடங்களில் நல்ல நீருக்கும் ஏனைய நீருக்கும் தனித்தனிக் குழாய் அமைத்தல் ஆகியன அவை. பத்து லிட்டரைத் தூய்மையாகவும் மீதியைச் சிக்கனமாகவும் கையாளும் இல்லங்கள் பெருகப் பெருக, கடைமுனைத் தெருவின் குழாயிலும் நீர் வரும்.