விழக் கற்பிக்கும் ஆசான்

பிள்ளையைத் தற்காப்புக் கலை பயில அனுப்ப விழையும் பெற்றோர், கூடத்தை அலங்கரிக்கும் வெற்றிக் கிண்ணங்களைக் கண்டு மயங்குதல் தகாது. யப்பானில் 1882ஆம் ஆண்டு யூடோவைத் தோற்றுவித்த கானோ யிகோரோ, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி அதிபராகவும் கடமையாற்றியவர். யூடோவிற் பிறரை எறியப் பழகுமுன், தான் விழப் பழகுதல் வேண்டும். நாடியை மார்போடு ஒடுக்கி, கையாற் பாயை அறைந்து விழுபவனுக்குத் தலை தரையில் மோதாது.

ஆதலின், ஒருநாள் பயிற்சியை நேரில் அமர்ந்து பாருங்கள். புதிய மாணாக்கனுக்கு முதலில் விழக் கற்பிக்கின்றனரா? பிடியில் அகப்பட்டவன் தட்டியவுடன் விடுகின்றனரா? அழும் சிறுவனை ஆசான் எள்ளாது தேற்றுகின்றாரா? இம்மூன்றும் உளவேல் பிள்ளையை அங்கே ஒப்படைக்கலாம். ஒன்றேனும் இல்லையேல், கிண்ணங்கள் எத்தனை இருப்பினும், பிள்ளையை அழைத்துக்கொண்டு வீடு திரும்புவதே அறிவுடைமை.