அப்டேட் ஏறவில்லையா? உடனே ஃபார்மேட் செய்யாதீர்கள்

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாட்களில் மடிக்கணினியோடு நம் அலுவலகம் வரும் பிள்ளைகள் பலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். அப்டேட் கடைசி வரை போகிறது, பிறகு 'முடிக்க இயலவில்லை, மாற்றங்களை நீக்குகிறோம்' என்று பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. மறுநாளும் அதே கதை. கரும்புக்கடையிலும் போத்தனூரிலும் பல வீடுகளில் இருப்பதே அந்த ஒரு கணினிதான் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் இடத்தைப் பாருங்கள். விண்டோஸ் போட்டுத் தரும் கடைகளில் சி டிரைவைச் சிறியதாகவும் மற்றவற்றைப் பெரியதாகவும் பிரித்துவிடுவது பழக்கம். டி-யில் கல்யாண வீடியோவுக்கு இடம் தாராளமாக இருக்கும். அப்டேட் உட்கார வேண்டிய சி-யில் இருக்காது. பெரிய பதிப்பு மாற்றத்துக்கு ஏறத்தாழ 20 ஜிபி காலியாக வேண்டும். டிஸ்க் கிளீனப் ஓட்டினாலே சில கணினிகளில் வேலை முடிந்துவிடும்.

கண்ணில் படாத இடத்திலும் சிக்கல் வரலாம். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தந்த 5034441 என்ற எண்ணுள்ள அப்டேட், உலகெங்கும் பல விண்டோஸ் 10 கணினிகளில் திரும்பத் திரும்பத் தோற்றது. ரிகவரி பகுதியில் 250 எம்பி காலி இடம் இல்லாததே காரணம். திரையிலோ 80070643 என்று முடியும் ஒரு பிழை எண்தான் வந்தது. இடம் போதவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை! அந்தப் பகுதியைக் கையால் பெரிதாக்கிய பிறகே அப்டேட் ஏறியது. ஆகவே பிழை எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். காரணத்தைத் தேட அது ஒன்றே பிடி.

போன் ஹாட்ஸ்பாட்டில் 'மீட்டர்டு' என்று குறித்திருந்தால் பெரிய அப்டேட்கள் தானாக இறங்காது. ஏறும்போது கரண்ட் போய், பழைய பேட்டரியும் கைவிட்டால் கோப்புகள் கெடலாம். அப்போது டிஸம், எஸ்எஃப்சி என்ற இரண்டு கட்டளைகளை ஓட்டிப் பார்க்கும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். ஃபார்மேட் கடைசி வழி. டெஸ்க்டாப்பில் வைத்த வருமானச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் சி டிரைவில்தான் இருக்கின்றன; பென்டிரைவில் எடுக்காமல் ஃபார்மேட் செய்தால் அவையும் போய்விடும்.

சிலர் தொல்லை தாங்காமல் அப்டேட்டையே நிறுத்திவிடுகிறார்கள். இது நமக்குச் சரியாகப் படவில்லை. 2017 மே மாதம் வானாக்ரை பரவி, பக்கத்து வயநாட்டில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள்கூட முடங்கின. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. தனியே பதிவு செய்தால் மேலும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட்கள் கிடைக்கும். பழைய அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எத்தனை முறை முயன்றாலும் வீண். அவற்றில் பலவற்றுக்கு விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. சென்னை சி-டாக் உருவாக்கிய அது பழையதாகியிருந்தால், புதிய லினக்ஸ் ஒன்றை இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வேண்டியது ஒரு பிரவுசர்தான். அது லினக்ஸிலும் இருக்கிறது.