இரைப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் விரைவு மீட்சி முறை

விரைவு மீட்சி முறை என்பது, புற்றுநோய்க்காக இரைப்பையின் ஒரு பகுதியோ முழுவதுமோ அகற்றப்பட்ட நோயாளியின் உடல் விரைவில் இயல்பு நிலைக்குத் திரும்பும் வகையில், அறுவைக்கு முன்னும் பின்னும் அளிக்கப்படும் பராமரிப்பு முறைகளின் தொகுப்பு ஆகும். இது தனியொரு மருந்தோ புதிய அறுவை நுட்பமோ அன்று.

வரலாறு

புற்றுநோய்க்காக இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றும் அறுவையை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் தியோடோர் பில்ரோத் ஆவார் (வியன்னா, 1881). விரைவு மீட்சிக் கருத்தை டென்மார்க்கு அறுவை மருத்துவர் என்றிக் கெலெட் 1990களில் முன்வைத்தார். முதலில் பெருங்குடல் அறுவையில் பயன்பட்ட இம்முறைக்கு, இரைப்பை நீக்கத்துக்கான தனி வழிகாட்டுதல்கள் 2014 இல் வெளியிடப்பட்டன.

அடிப்படை

அறுவை ஒரு காயம் என்பதால் உடல் அழுத்த இயக்குநீர்களைச் சுரக்கிறது. இன்சுலினின் செயற்பாடு குறைந்து குருதிச் சர்க்கரை உயர்கிறது. தசைப் புரதம் சிதைகிறது. நீண்ட பட்டினியும் படுக்கையும் இவ்விளைவுகளை மிகுவிக்கின்றன. இந்நோயாளர்களுள் பலர் அறுவைக்கு முன்னரே உடல் எடையை இழந்திருப்பர்.

முக்கியக் கூறுகள்

* புகைப்பழக்கத்தை நிறுத்துதல், ஊட்டக்குறையைச் சரிசெய்தல்.
* மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பு வரை திட உணவும், 2 மணி நேரம் முன்பு வரை தெளிந்த நீர்மங்களும் அனுமதித்தல். இரைப்பையில் அடைப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.
* மூக்கு வழிக் குழாயையும் வயிற்று வடிகுழாயையும் வழக்கமாகப் பொருத்துவதைத் தவிர்த்தல்.
* குடல் இயக்கத்தை மந்தமாக்கும் அபினி வகை வலிநீக்கிகளையும் மிகையான சிரைவழி நீர்மத்தையும் குறைத்தல்.
* அறுவைக்கு மறுநாளே எழுந்து நடக்கச் செய்தல். இதனால் கால் சிரைகளில் குருதி உறைதலும் நுரையீரல் தொற்றும் குறையும்.

உணவு குறித்த கேள்வி

இரைப்பை முழுவதும் அகற்றப்படும்போது உணவுக்குழாய் நேரடியாகச் சிறுகுடலுடன் தைக்கப்படுகிறது. விழுங்கும் ஒவ்வொரு கவளமும் அத்தையலைக் கடந்தே செல்ல வேண்டும். தையல் விட்டுக் கசிவு ஏற்படின் உயிருக்கே ஆபத்து. எனவே நோயாளியைப் பல நாட்கள் பட்டினி வைப்பது வழக்கமாயிருந்தது. ஆனால், பட்டினியிலும் உமிழ்நீர் அத்தையல் வழியாகவே இறங்குகிறது. மேல் வயிற்றுப் பேரறுவைகள் குறித்து 2008 இல் வெளியான நார்வே ஆய்வு, மறுநாள் முதல் விருப்பத்திற்கேற்ப இயல்பான உணவை அனுமதிப்பதால் சிக்கல்கள் கூடவில்லை எனக் காட்டியது. உணவைச் சிறிது சிறிதாகத் தொடங்கி, தாங்கும் அளவுக்கேற்பக் கூட்டுவர்.

வரம்புகள்

காய்ச்சல், நாடித்துடிப்பு மிகுதல், கடும் வயிற்றுவலி ஆகியன கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது உணவு நிறுத்தப்பட்டு ஆய்வு செய்யப்படும். நாட்கணக்கைக் கொண்டு நோயாளியை வீட்டிற்கு அனுப்புவதில்லை. போதிய அளவு உண்ணுதல், மாத்திரைகளால் வலி அடங்குதல், தானே நடமாடுதல் ஆகியவையே அதற்கான அளவுகோல்கள் ஆகும்.