தொட்டியின் அடியிலிருந்து வரும் செய்தி

"அம்மா, மீன் செத்துப்போச்சு!" என்று வீட்டுச் சிறுமி அலறிய அந்தக் காலைப்பொழுதை நாம் இன்னும் மறக்கவில்லை. ஓடிச் சென்று பார்த்தோம். செம்மஞ்சள் உடலிலே மூன்று கரும்பட்டைகள் கொண்ட 'கிளவுன் லோச்' மீன் ஒன்று, கல்லின் ஓரத்தில் ஒருபுறமாகச் சரிந்து அசைவற்றுக் கிடந்தது. வலையை அதனருகே கொண்டு சென்றதுதான் தாமதம். இறந்ததென்று நாம் எண்ணிய மீன் துள்ளியெழுந்து மரவேரின் பின்னே மறைந்துவிட்டது. சிறுமி சிரித்தாள், நாமும் சிரித்தோம். சுமாத்திரா, போர்ணியோ ஆகிய தீவுகளின் ஆறுகளுக்குரிய அம்மீன் இளைப்பாறும் முறையே அதுவெனப் பின்னர் அறிந்துகொண்டோம்.

அதே தொட்டியிலே பிறிதொரு நாள் வேறு சில மீன்கள் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டன. அதனையும் விளையாட்டென்றே எண்ணினோம். மறுநாள் விடிந்தபோது அவற்றுள் நான்கு உயிருடன் இல்லை. முதல் நாள் வீணே அஞ்சினோம். மற்றைய நாளிலோ அஞ்ச வேண்டியவிடத்து அஞ்சாதிருந்தோம். மீனின் இயல்பு எது, துன்பத்தின் அறிகுறி எது என்று பிரித்தறிய அறியாமையே இவ்விரு பிழைகளுக்கும் காரணம். வீட்டிலே மீன் வளர்க்கும் அன்பர்களும் மாணவர்களும் அப்பிழைகளைச் செய்யாதிருக்க வேண்டுமென்றே இதனை எழுதுகின்றோம்.

அடியிலே வாழ்வோர்

மீன் தொட்டியை அழகுக்காக வைத்திருப்போரின் கண் பெரும்பாலும் நடுநீரில் நீந்தும் வண்ண மீன்களையே நாடும். அடித்தளத்திலே மேயும் மீன்களை நாம் நினைப்பது குறைவு. ஆனால் உண்ணாது எஞ்சிய உணவும், மீன்களின் கழிவும், அழுகிய இலையும் இறுதியிற் சென்று சேர்வது அடித்தளத்தையே. அங்கே வயிறு படிய வாழ்கின்ற மீன்களே நீரின் கேட்டை முதலில் உணர்வன. அவற்றின் வாயருகேயுள்ள மீசைகள் வெறும் அணிகலன்களல்ல; மண்ணைத் துழாவி உணவின் சுவையை அறியும் கருவிகள் அவை. கூரிய கற்களும் அழுக்கு மண்டிய தரையும் அம்மீசைகளைத் தேய்த்துவிடும். மீசை குறுகக் கண்டால் மீனைப் பழிப்பதை விடுத்துத் தரையைத் திருத்துதல் வேண்டும். மென்மணலே அவற்றுக்கேற்ற படுக்கை.

விந்தையெனினும் இயல்பே

தென்னமெரிக்க ஆறுகளுக்குரிய கொரிடோராஸ் என்னும் சிறு கெளிற்றினம் இன்று பல வீடுகளில் வளர்கின்றது. அடியிலே அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும் அது, திடீரென அம்புபோல் நீர்மட்டத்துக்குப் பாய்ந்து, ஒரு வாய்க் காற்றை விழுங்கி, அதே விரைவில் கீழே திரும்பும். விழுங்கிய காற்றிலுள்ள ஒட்சிசனைக் குடலின் பின்பகுதி உறிஞ்சிக்கொள்ளும். ஒட்சிசன் குன்றிய நீரிலும் உயிர்வாழ இயற்கை அளித்த வழி இது. ஆகவே தொட்டியை மூடிவரை நிரப்பாது, நீருக்கும் மூடிக்குமிடையே சிறிது வெளி விடுதல் நன்று. இம்மீன் சில வேளைகளில் விழியைக் கீழ்நோக்கி உருட்டுவது, எம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுவது போலவே தோன்றும். அதுவும் நோயன்று.

கொங்கோ ஆற்றுப் பகுதிக்குரிய கெளிறு ஒன்று வயிறு மேலாக, தலைகீழாகவே நீந்தும். பிற மீன் இவ்வாறு நீந்தின் அது நோய். அதற்கோ அது வாழ்க்கை. ஐரோப்பாவிலே ஒருவகை அயிரையினம், காற்றமுக்கம் தாழ்ந்து புயல் நெருங்கும் வேளையில் அமைதியிழந்து அங்குமிங்கும் ஓடும். அதனாலே 'வானிலை மீன்' என்று அதற்குப் பெயரிட்டனர்.

எமது நாட்டு அயிரைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1846ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் வலென்சியென், திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றிலிருந்து பெற்ற அயிரையை விவரித்து, வெப்பத்தைக் குறிக்கும் 'தெர்மாலிஸ்' என்னும் சொல்லையே அதன் பெயராக்கினார். அஞ்சும்போது மணலுக்குள் உடலைப் புதைத்துக்கொள்வது அதன் வழக்கம். மீன் காணாமற்போயிற்றென்று கலங்குவோர் முதலில் மணலைக் கூர்ந்து நோக்குவாராக.

மின்சாரம் நின்ற நாள்

நாம் ஏமாந்த கதையை இனிக் கூறுவோம். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. வெப்பம் மிகுந்த அந்நாட்களில் ஒரு நாள் எமது தொட்டியின் காற்றுப் பம்பியும் வடிகட்டியும் ஓய்ந்தன. மாலையில் ஆறு கொரிடோராஸ் மீன்களும் மாறி மாறி மேலே பாய்ந்தன. "ஓட்டப் போட்டி வைக்கின்றன" என்று சிறுமிக்குச் சொன்னோம். மற்றைய மீன்களும் நீர்மட்டத்தின் கீழே கூடி வாய் திறந்து நின்றதை அந்த அரையிருளில் நாம் கவனித்தோமல்லேம். இரவு நெடுநேரத்தின்பின் மின்சாரம் வந்தது. வடிகட்டி இயங்கத் தொடங்கியது. நாமும் நிம்மதியாக உறங்கச் சென்றோம். காலையில் எஞ்சியவை இரண்டே.

நடந்தது யாது? நீர் சூடேறச் சூடேற அதிலே கரையக்கூடிய ஒட்சிசன் குறையும். 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் ஏறத்தாழ 7½ மில்லிகிராமே கொள்ளும். பம்பியும் நின்றுவிட்டால் அக்குறையை ஈடுசெய்ய வழியில்லை.

இரண்டாவது கேடு வடிகட்டியிலிருந்து வந்தது. மீன் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா கொடிய நஞ்சு. வடிகட்டியில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறொருவகை நுண்ணுயிர்கள் நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இத்தகைய நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டளவில் வேறுபடுத்திக் காட்டியவர் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி. இவற்றுக்கும் ஒட்சிசன் வேண்டும். நீரோட்டம் பல மணி நேரம் நின்றால் அவை நலிந்து மடியும். வடிகட்டியினுள்ளே நீர் அழுகும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள்ளே பாயும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல் சுண்ணக்கற் பாறையிலிருந்து வரும் காரத்தன்மை கூடிய கிணற்று நீரிலே அமோனியாவின் நச்சுத்தன்மை மேலும் மிகும்.

உடலை உரசும் மீன்

மீனொன்று கல்லிலோ மணலிலோ ஒருமுறை உடலை உரசினால் அதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. மீண்டும் மீண்டும் உரசினால் அமோனியா பூக்களை எரிக்கின்றதெனலாம்; அல்லது ஒட்டுண்ணி பற்றியிருக்கின்றதெனலாம். உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றின் அது வெண்புள்ளி நோய். முதிர்ந்த ஒட்டுண்ணி மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியிலே தங்கி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து மீண்டும் மீன்களைத் தேடும். நீந்தித் திரியும் அந்நிலையிலேதான் மருந்து அதனைக் கொல்லும். எனவே புள்ளி மறைந்தவுடன் மருத்துவத்தை நிறுத்தலாகாது. லோச் இனங்களின் செதில்கள் மிகச் சிறியன. கடும் மருந்தை அவை தாங்கா என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்று கேள்விகள்

விந்தையான நடத்தையொன்றைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். ஒரு மீன் மட்டுமா, பல மீன்களா? எப்போதாவதா, ஓயாமலா? நேற்றிலிருந்து நீரில் ஏதேனும் மாறிற்றா? ஒரு மீன் எப்போதாவது செய்வது பெரும்பாலும் அதன் குணம். பல மீன்கள் ஓயாது செய்யுமாயின் நீரே நோயுற்றுள்ளது.

அவ்வேளையில் மருந்துப் போத்தலை நாடுமுன் நீரை நாடுக. முதல் நாளே எடுத்து ஆறவைத்த நீரைக் கொண்டு தொட்டி நீரின் நான்கிலொரு பங்கை மாற்றலாம். மின்சாரம் நின்றால் உணவிடுவதை நிறுத்தி, கிண்ணத்தால் நீரை மொண்டு உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினால் காற்று கலக்கும். நெடுநேரம் நின்ற வடிகட்டியைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலே அலசிய பின்னரே மீண்டும் இயக்குக. குளோரீன் கலந்த குழாய் நீரில் அலசினால் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் அழியும்.

இன்னுமொன்று. 'ராங்க் கிளீனர்' என்று கடைகளில் விற்கப்படும் கெளிறு பெரிதாக வளர்ந்து தொட்டிக்கு அடங்காதபோது, சிலர் அதனைக் குளத்திலே விட்டுவிடுகின்றனர். தென்னமெரிக்காவுக்குரிய அம்மீன் இன்று எமது நீர்நிலைகளிலே பரவி, உள்நாட்டு மீன்களுக்கு இடையூறாகியுள்ளது. வளர்க்க இயலாதெனின் வாங்கிய கடையிலே திருப்பிக் கொடுப்பதே முறை.

எஞ்சிய இரு கொரிடோராஸ் மீன்களுக்குத் துணையாக மேலும் நான்கைப் பின்னர் வாங்கினோம். சிறுமி இப்பொழுது வளர்ந்துவிட்டாள். மாலைதோறும் உணவிடுமுன் தொட்டியின் எதிரே குனிந்து அடித்தளத்தைப் பார்ப்பது அவளுடைய வழக்கமாகிவிட்டது. அண்மையில் ஒரு மாலை, ஒரு மீன் மேலே பாய்ந்து திரும்பியபோது நாம் பதறியெழுந்தோம். அவளோ கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்:

"பயப்படாதேங்கோ. அது சும்மா மூச்செடுக்கத்தான் போனது."