புகைக்குழாயில் படியும் எண்ணெய்

மைசூரில் 1996 வரை உருவான யெஸ்டி மோட்டார் சைக்கிளை இன்றும் பேணி ஓட்டுவோர் உளர். அதன் இருவீச்சு எஞ்சினில், பெட்ரோலுடன் கலந்த எண்ணெயே உறுப்புகளுக்கு மசகிட்டுப் பின்னர் எரிந்து வெளியேறுகிறது. ஆதலின் புகைக்குழாய் முனையில் சிறிது கறுப்புப் பிசுக்கு படிவது இயல்பே. நகர நெரிசலில் ஊர்ந்து சென்றால் அது மிகும். நெடுஞ்சாலையில் எஞ்சின் நன்கு சூடேறினால் குறையும்.

எண்ணெய் சொட்டத் தொடங்கினால், முதலில் கலவையின் அளவைக் கவனியுங்கள். அது சரியாக இருந்தும் புகை அடர்கிறதா? வெளியே ஒழுக்கு ஏதுமின்றிக் கியர்பெட்டியின் எண்ணெய் மட்டும் குறைந்துகொண்டே வருகிறதா? அவ்வாறாயின் கிராங்க் தண்டின் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்திருக்கக்கூடும். அவ்வழியே கியர் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு எரிகிறது. பழுதுபார்ப்போர் சிலர் புகையைக் கண்டதுமே சிலிண்டருக்கு ரீபோர் வேண்டும் என்பர். அச்செலவுக்கு இசையுமுன் கியர்பெட்டி எண்ணெயை ஒருமுறை அளந்து பாருங்கள். மாற்றவேண்டியது அந்தச் சிறு ரப்பர் வளையமாகவே இருக்கலாம்.