வீடே பள்ளி – 12: பூசணிப் பூ காத்திருக்காது

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவெடுத்ததும் பல பெற்றோர் முதலில் செய்வது, கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவது. ஒன்பதிலிருந்து பத்து வரை கணக்கு, பத்திலிருந்து பதினொன்று வரை அறிவியல். அறிவியலில் இந்த வாரம் தேனீ என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது, விடியற்காலையில் மலர்ந்த பூசணிப் பூ கொல்லையில் சுருங்கத் தொடங்கியிருக்கும். தேனீக்கள் வேறு பூவைத் தேடிப் போயிருக்கும்.

தேனீயைப் பற்றிப் படிக்கிற நாட்களில் அட்டவணையைத் தேனீயிடமே விட்டுவிடுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வாய்த்திருக்கும் பெரிய செல்வம் நேரம். காலை ஆறு மணிக்குச் செடியருகே உட்காரவும், பத்து நாள் ஒரே பிஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவர்களால் முடியும். அதையும் பாடவேளைகளாக நறுக்கிவிட்டால், பள்ளியை வீட்டுக்குள் கொண்டுவந்ததாகத்தான் ஆகும்.

பிஞ்சு ஏன் உதிர்ந்தது?

ஒரு பூசணிக் கொடி போதும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனி முதல் நாள் மாலையே மஞ்சளாகத் தெரியும். அப்படி இரண்டு பெண் மொட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றை மெல்லிய துணியால் மூடி நூலால் கட்டுங்கள். இன்னொன்றை அப்படியே விடுங்கள். காலையில் தேனீ ஆண் பூவுக்குள் புகுந்து, உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு வெளியே வருவதையும், அதே கோலத்தில் அடுத்த பூவுக்குள் நுழைவதையும் கிட்ட இருந்து பார்க்கலாம். பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகாது.

சில நாளில், மூடி வைத்த பூவின் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். திறந்திருந்தது பெரும்பாலும் பருக்கத் தொடங்கும். “தேனீ வரல, அதான் காய்க்கல” என்று நாம் முடித்துவிடக் கூடாத இடம் இது. கொஞ்சம் பொறுத்திருந்தால் பிள்ளையே கேட்கும்: “ஏம்மா, துணி கட்டினதாலயே அது செத்துப்போயிருக்குமோ?”

அருமையான கேள்வி! விடையைச் சொல்லாதீர்கள். “அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம், சொல்லு கண்ணு” என்று திருப்பிக் கேளுங்கள். அடுத்த முறை மூன்றாவதாக ஒரு மொட்டையும் மூடி வைக்கலாம். காலையில் துணியை அவிழ்த்து, ஓர் ஆண் பூவின் மகரந்தத்தைக் கையால் அதன் சூல்முடியில் தடவி, மறுபடியும் மூடிவிட வேண்டும். அந்தப் பிஞ்சு பருத்தால் குற்றம் துணியுடையது அல்ல. திறந்திருக்கும் பூக்கள்கூட எல்லாமே காய்ப்பதில்லை. அதனால் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாமல், பல பூக்களில் செய்து பார்க்க வேண்டும். ஆராய்ச்சி என்பது இதுதான் என்பதைப் பிள்ளைக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

சுரைப் பூவோ அந்தி சாயும்போதுதான் விரியும். அதற்கு யார் வருகிறார்கள்? டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கட்டும்.

காலைச் சாப்பாட்டுக்கு வந்த தேனீக்கள்

பூவுக்கு நேரம் உண்டு. அந்த நேரம் தேனீக்குத் தெரியுமா? இந்தக் கேள்வி ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆகஸ்ட் ஃபோரல் மனநல மருத்துவர்; எறும்புகளைப் பற்றியும் நிறைய எழுதியவர். அவர் குடும்பம் திறந்தவெளியில் காலை உணவு சாப்பிடும்போது ஜாமைத் தேடித் தேனீக்கள் வந்தன. பிறகு மேசையில் ஒன்றுமே இல்லாத நாட்களிலும் சரியாக அதே நேரத்துக்கு வந்து நின்றன.

1929இல் ஜெர்மனியின் இங்கேபோர்க் பெலிங் இதை முறையாகச் சோதித்தார். தேனீக்களுக்கு வண்ணப்பொட்டு வைத்து அடையாளமிட்டு, தினமும் குறித்த நேரத்தில் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார். ஒருநாள் கிண்ணத்தைக் காலியாக வைத்தபோதும் அவை அந்த நேரத்தையொட்டியே வந்தன. சூரியனைப் பார்த்து நேரம் அறிகின்றனவா? 1955இல் மாக்ஸ் ரென்னர், பாரிஸில் மூடிய அறையில் பழக்கிய தேனீக்களை விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அங்கேயும் அவை பாரிஸ் நேரத்துக்குத்தான் தீனி தேடின. கடிகாரம் தேனீயின் உடம்புக்குள் இருக்கிறது!

ஃபோரல் பார்த்ததை உங்கள் பிள்ளையும் பார்க்கலாம். தேனீ நடமாட்டமுள்ள பூச்செடி அருகே, எறும்பு ஏறாதபடி தண்ணீர்த் தட்டின் நடுவில் கிண்ணத்தை நிறுத்தி, தினமும் ஒரே மணிக்குச் சர்க்கரைத் தண்ணீர் வையுங்கள். கடைத்தேன் வேண்டாம், அதன் வழியாகத் தேனீ நோய்கள் பரவக்கூடும். வரத்து பழகியபின் ஒருநாள் வெறும் கிண்ணத்தை வைத்து, எத்தனை மணிக்கு எத்தனை தேனீ வந்தது என்று பிள்ளை எழுதட்டும். அந்த எண்களை வரைபடமாக்கினால் அன்றைய கணக்குப் பாடமும் ஆயிற்று.

தோட்டம் இல்லாத வீட்டில்

பழைய சுவரின் விரிசலிலும் மீட்டர் பெட்டியின் இடுக்கிலும் கொசுத்தேனீ கூடு கட்டும். எறும்பளவுதான் இருக்கும். கொட்டாது. பிசினும் மெழுகும் கலந்து செய்த சின்னக் குழாய்தான் வாசல். அதன் விளிம்பில் காவல்தேனீக்கள் தலைகளை நீட்டிக்கொண்டிருக்கும். பின்னங்காலில் மகரந்த உருண்டையோடு வருபவை அவற்றைத் தாண்டி உள்ளே போகும். உருண்டையின் நிறத்தைக் குறித்துக்கொண்டு, எந்தப் பூவிலிருந்து வந்தது என்று தெருவெல்லாம் தேடலாம். இந்தத் தேனீ தேனை அறுகோண அறைகளில் வைப்பதில்லை, சின்னச் சின்ன மெழுகுக் குடங்களில் வைக்கிறது.

மலைத்தேனீ அப்படியல்ல. உயரமான கட்டடத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் தொங்கும் அதன் பெரிய அடைக்கு அருகில் பிள்ளைகளை விடவே கூடாது. எந்தத் தேனீ கொட்டினாலும் கொடுக்கை உடனே எடுத்துவிட வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

‘எனக்கே தேனீயைப் பற்றி ஒன்றும் தெரியாதே’ என்று தயங்கும் பெற்றோர் உண்டு. தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையோடு அந்த நேரத்துக்கு எழுந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் மனம் போதும். விடை கிடைக்காத கேள்விகள் நோட்டில் அப்படியே இருக்கட்டும். அடுத்த பூப்பருவத்தில் எங்கிருந்து தொடங்குவது என்பதை அவையே சொல்லும்.

அடுத்த வாரம்: மழைக்குப் பிந்தைய ஈசல்கள்.

(தொடரும்)